ஒளி செலுத்துகிறதா, உயிர் திரும்புகிறதா? நுண்ணுயிர்களை ஒளியால் ஓட்டிய 200 ஆண்டுகள்

2005ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் ஆய்வுக்குழு, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. டக்ளஸ் வைபெல் முதல் ஆசிரியராக இருந்த அக்கட்டுரையின் தலைப்பில் ஓர் விந்தையான சொல் இருந்தது: ‘மைக்ரோ ஆக்சன்’, அதாவது நுண் எருதுகள். கிளாமிடோமோனாஸ் என்னும் ஒருசெல் பச்சைப் பாசியின் உடலில் 1 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணிகளை வேதிப்பிணைப்பால் ஒட்டவைத்தார்கள். மயிரிழை போன்ற வாய்க்காலில் அப்பாசிகளை விட்டு, ஒளியைக் காட்டி அவற்றைத் திசை திருப்பினார்கள். சுமை ஏற்றிய பாசிகள் வினாடிக்கு 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வேகத்தில் நீந்தின, 20 செ.மீ. தொலைவுவரை கூடச் சென்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் வேறோர் ஒளி பாய்ச்சப்பட, பிணைப்பு அறுந்து சுமை இறங்கியது. உடல் அளவு வெறும் 10 மைக்ரோமீட்டர் உள்ள உயிர்க்கு 20 செ.மீ. என்பது தன் நீளத்தைப் போல் 20,000 மடங்கு.

ஒளியால் நுண்ணுயிர்களை ஓட்டும் துறையின் வரலாற்றை இக்கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கருவியை வைத்துப் பார்த்தால் அது நியாயந்தான். நுண்வாய்க்கால்களைச் சிலிக்கோன் ரப்பரில் வார்த்தெடுக்கும் எளிய முறையை 1990களின் பிற்பகுதியில் பரவலாக்கியதும் ஒயிட்சைட்ஸின் குழுவே. ஆனால் ‘எருது’ என்ற உவமையைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். எருது தன் காலால் நடக்கிறது. தார்க்கோல் அதை நகர்த்துவதில்லை, உணர்த்துகிறது. எருது எதை உணர்கிறது, எப்போது முரண்டு பிடிக்கும் என்பதை அறியாதவன் வண்டி ஓட்ட முடியாது. இந்தப் பாசி எருது எதை உணர்கிறது என்ற வினாவுக்கு விடை காண ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வரலாற்றின் சுவையான பகுதி அங்கேதான் இருக்கிறது.

நீந்தும் பாசி வித்துகள் ஒளி வரும் பக்கம் சேர்வதை ஜெர்மானியத் தாவரவியலார் லூடோல்ஃப் கிறிஸ்டியன் டிரெவிரானஸ் 1817இல் பதிவு செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1867இல், ரஷ்யாவின் ஆந்திரேய் ஃபாமின்ட்சின் ஒரு முக்கியமான திருத்தத்தைச் சேர்த்தார்: கிளாமிடோமோனாஸும் யூக்ளினாவும் ஒளியை நாடுவது உண்மை, ஆனால் எல்லா ஒளியையும் அல்ல, மிதமான ஒளியை நாடுகின்றன, கடும் ஒளியை விட்டு விலகுகின்றன. 1878இல் எட்வர்ட் ஸ்டிராஸ்பர்கர் இந்த நடத்தைக்கு இன்றளவும் வழங்கும் ‘போட்டோடாக்சிஸ்’ என்ற பெயரை அளித்தார். தமிழில் ஒளிநாட்டம் எனலாம். விலகுவதையும் அதே சொல் குறிக்க வேண்டியிருப்பதால் இச்சொல் முற்றிலும் பொருந்துவதில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆள வேண்டியிருக்கிறது.

இதுவரை நடந்தவை பெரும்பாலும் உற்றுநோக்கல்கள். ஒளியை ஒரு கருவியாக, நுண்ணோக்கியின் அடியில் ஒரு துல்லியமான கைக்கோலாக மாற்றியவர் உட்ரெக்ட்டில் பணியாற்றிய உடலியலாளர் தியோடோர் வில்ஹெல்ம் எங்கெல்மன். பிராம்ஸ் தமது மூன்றாம் நரம்பிசை நால்வர் படைப்பை இவருக்கே காணிக்கையாக்கினார். அறிவியலாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய விருது எது என்று யாரேனும் கேட்டால் விடை சொல்வது கடினம். 1882இல் எங்கெல்மன் யூக்ளினாவின் மேல் ஒரு கூர்மையான நிழலை மெல்ல நகர்த்தினார். உடலின் பெரும்பகுதி இருளில் மூழ்கியும் அது பொருட்படுத்தவில்லை. நிழல் முன்முனையைத் தொட்ட கணத்தில்தான் திடுக்கிட்டுத் திரும்பியது. அங்கே ஒரு சிவந்த கண்புள்ளி உண்டு; அதுவே ஒளியை உணரும் உறுப்பு என்று எல்லாரும் கருதியிருந்தனர். எங்கெல்மன் அப்படிச் சொல்லவில்லை. உணர்ச்சி பிறப்பது புள்ளியில் அன்று, அதற்குச் சற்று முன்னால் உள்ள நிறமற்ற பகுதியில் என்றார். நிறமுள்ள புள்ளி நிழல் தரும் திரை மட்டுமே என்ற பிற்கால அறிவுக்கு இது வித்து.

அடுத்த ஆண்டு அவர் ஊதாநிறப் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். இருண்ட நீர்த்துளியின் நடுவே சிறு ஒளிவட்டம் ஒன்றை வீழ்த்தினார். பாக்டீரியாக்கள் ஒளியை நோக்கி வரவில்லை. தற்செயலாக நீந்தி வட்டத்துக்குள் நுழைந்தன, நுழையும்போது எந்த மாற்றமும் காட்டவில்லை. வெளியேறும் விளிம்பில்தான் விளையாட்டு: இருள் பட்டதும் அதிர்ந்து பின்வாங்கின. உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி இல்லை. சற்று நேரத்தில் வட்டம் நிறைந்துவிட்டது. மீன்பிடிப்போர் வைக்கும் கூட்டுப்பொறியின் தத்துவம் இதுவே. இங்கே மூங்கிலுக்குப் பதில் ஒளியின் விளிம்பு. பிறகு ஒளிவட்டத்தின் இடத்தில் ஒரு நிறமாலையை வீழ்த்தினார். தம் நிறமி எந்த அலைநீளங்களை உறிஞ்சுகிறதோ அங்கே அவை திரண்டன. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலும் ஒரு கூட்டம் சேர்ந்தது. பாக்டீரியாக்கள் தம் நிறமியின் உறிஞ்சுநிறமாலையைத் தாமே வரைந்து காட்டின எனலாம்.

இவ்விரு சோதனைகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு புலப்படும். பாக்டீரியாவுக்குத் திசை தெரியாது; ஒளி கூடியதா குறைந்ததா என்பதே தெரியும். பாசிக்கோ திசையே தெரிகிறது போல் இருக்கிறது. ஒரு வாய்க்காலில் இவற்றை ஓட்ட விரும்புவோருக்கு இது வெறும் நுணுக்க வேறுபாடன்று. முன்னதற்கு ஒளியின் விளிம்புகள் வேண்டும். பின்னதற்கு ஒளி வரும் பக்கம் வேண்டும். தவறான ஒன்றைத் தேர்ந்தால் கருவி வேலை செய்யாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேறுபாடு ஒரு பெரும் கருத்துப்போராக வெடித்தது. ஜாக் லோப் உயிரை இயந்திரமாகக் கண்டவர். ஒளி உடலின் இரு பக்கங்களையும் சமமற்றுத் தாக்குகிறது, அதனால் இயக்க உறுப்புகள் சமமற்று இயங்குகின்றன, இரு பக்கமும் சமநிலை அடையும்வரை உடல் வலிந்து திருப்பப்படுகிறது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்றார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ் 1906இல் வெளியிட்ட ‘கீழ்நிலை உயிரிகளின் நடத்தை’ என்ற நூலில் இதை மறுத்தார். அவர் கண்ட உயிரிகள் முயன்றன, தவறின, மீண்டும் வேறு பக்கம் முயன்றன. வலிந்து திருப்பப்படும் பொம்மைகளாக அவை அவருக்குத் தோன்றவில்லை. விவாதத்தின் அடியில் இருந்தது பாசியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நடத்தை என்பதே என்ன என்ற கேள்வி. அதனால்தான் இருதரப்பும் அத்தனை சூட்டுடன் எழுதின.

1917இல் யோகன்னஸ் பூடர் ஓர் எளிய தந்திரத்தால் ஒரு பகுதியைத் தீர்த்தார். குவிவில்லை வழியே வந்து குறுகும் ஒளிக்கற்றையில் பாசிகளை விட்டார். அங்கே ஒளியின் மூலத்தை நோக்கி நீந்துவதென்றால், செறிந்த ஒளியிலிருந்து மங்கிய ஒளிக்குள் நீந்த வேண்டும். பாசிகள் அவ்வாறே மூலத்தை நோக்கி நீந்தின. எனவே அவை பின்பற்றியது செறிவின் ஏற்றத்தை அன்று, கதிரின் திசையை.

ஆனால் ஒரே ஒரு செல், ஒரே ஒரு புள்ளி. எப்படித் திசையை அறியும்? இதற்குத் தெளிவான விடை 1980இல்தான் வந்தது. கென்னத் ஃபாஸ்டரும் ராபர்ட் ஸ்மித்தும் எழுதிய ‘ஒளிநாட்டப் பாசிகளின் ஒளியுணர்கொம்புகள்’ என்ற நெடுங்கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கத் தக்கது. கண்புள்ளியில் கரோட்டினாய்டு நிறைந்த நுண்மணிகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அடுக்குகளின் தடிமன் தற்செயலானதன்று. வெளியிலிருந்து வரும் ஒளியைத் திருப்பி மேலே உள்ள சவ்வின்மீது எறியும் ஆடியாக அவை செயல்படுகின்றன. உடலின் பின்புறமிருந்து வரும் ஒளியை அதே அடுக்கு மறைக்கிறது. உணர்வது சவ்வு, புள்ளி அதன் பின்னணி ஆடி. கிளாமிடோமோனாஸ் நீந்தும்போது தன் அச்சில் வினாடிக்கு ஏறத்தாழ 2 முறை சுழல்கிறது. ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் சவ்வு ஒருமுறை ஒளிர்ந்து ஒருமுறை இருள்கிறது. அந்தத் துடிப்பு கண்ணுக்கு அருகிலுள்ள கசையிழையையும் எதிரிலுள்ள கசையிழையையும் வெவ்வேறாக மாற்ற, உடல் திரும்புகிறது. ஒளிக்கு நேரே திரும்பியதும் துடிப்பு அடங்குகிறது, பாதை நேராகிறது. கலங்கரை விளக்கம் சுழன்று ஒளி வீசுகிறது. இது சுழன்று ஒளி வாங்குகிறது.

லோப் சரியா, ஜென்னிங்ஸ் சரியா? பாசியைப் பொறுத்தவரை லோபின் வலிந்த திருப்பம் உண்மைக்கு அருகில் வருகிறது, ஆனால் அவர் நம்பிய இரு பக்கச் சமச்சீர் இங்கே இல்லை. ஒரே கண், சுழலும் உடல், காலத்தில் நிகழும் ஒப்பீடு. ஒப்பீடு காலத்தில் நிகழ்கிறது என்பதை ஜென்னிங்ஸ் தரப்பின் வெற்றியாகவும் கொள்ளலாம்.

1984இல் ஃபாஸ்டரும் உடனுழைத்தோரும் ஒளி குருடான ஒரு பாசித் திரிபுக்கு ரெட்டினால் வகை மூலக்கூறுகளை அளித்துப் பார்வையை மீட்டனர். பாசியின் உணர்வு நிறமி நம் விழித்திரையில் உள்ளதைப் போன்ற ரோடாப்சின் என்று நிறுவினர். 1991இல் ஹார்ட்ஸும் பீட்டர் ஹெகமனும் ஒளி பட்ட மறுகணமே செல்லில் மின்னோட்டம் எழுவதை அளந்தனர். அந்த வேகத்துக்கு ஒரே விளக்கம், உணரும் புரதமே மின்வழியாகவும் இருப்பது. அப்புரதம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டுச் சேனல்ரோடாப்சின் எனப் பெயர் பெற்றது. ஹெகமன், கேயார்க் நாகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோரின் அவ்விரு கட்டுரைகளிலும் இந்தியரான சுனீல் கதேரியாவின் பெயர் உடனாசிரியர் வரிசையில் இருக்கிறது. அவர் பின்னர் டெல்லியில் ஆய்வைத் தொடர்ந்தார். ஜான் ஸ்பூடிச்சின் ஹூஸ்டன் குழுவும் 2002இல் இதே புரதங்களைத் தனியே இனங்கண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னுரிமைக் கதைகளில் இது அடிக்கடி விடுபடுகிறது. நரம்புச் செல்லில் இப்புரதத்தைப் புகுத்தி ஒளியால் அதை இயக்கலாம் என்பது பிறகு பெரிய துறையாக வளர்ந்தது. 2021இல் பார்வையிழந்த ஒருவருக்கு வேறொரு கிளாமிடோமோனாஸ் இனத்தின் சேனல்ரோடாப்சினைச் சார்ந்த சிகிச்சையால் ஓரளவு பார்வை மீண்டதாக அறிவிக்கப்பட்டது. குளத்துப் பாசி ஏன் சன்னல் பக்கம் ஒதுங்குகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு நிதி வழங்கும் குழுக்கள், பயன் என்ன என்று கேட்கும் நாடுகளில் இவ்வரிசையை ஆண்டு வாரியாக எடுத்துக்காட்டுவது நல்லது: 1878, 1980, 1984, 1991, 2002, 2021.

இனி வாய்க்காலுக்குள் வருவோம். 10 மைக்ரோமீட்டர் உடல் வினாடிக்கு 100 மைக்ரோமீட்டர் வேகத்தில் நீரில் நீந்தும்போது ரேனால்ட்ஸ் எண் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. உந்துகையை நிறுத்திய கணமே உடல் நின்றுவிடும். தேனில் நீந்துவதுபோல் என்று சொல்வதுகூடக் குறைமதிப்பீடுதான். அவ்வாறிருக்க, ஓடும் நீர் நீந்தும் உடலை என்ன செய்கிறது? 1985இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜான் கெஸ்லர் இதற்கு அழகான ஒரு சோதனை செய்தார். சில பாசிகளுக்கு அடிப்பாகம் கனம். ஆகவே தலை மேல்நோக்கியே நிற்கும். குழாயில் நீரை மேலிருந்து கீழே ஓடவிட்டார். பாசிகள் எதிர்நீச்சல் போட்டன. சற்று நேரத்தில் குழாயின் நடுவே மெல்லிய பச்சைக் கோடாகத் திரண்டன. காரணம் இதுதான்: நடுவில் நீர் விரைவு, சுவரோரம் மந்தம், இவ்வேறுபாடு உடலைச் சுழற்றுகிறது. எதிர்நீச்சல் போடும் உடலின் முகம் அச்சுழற்சியால் எப்போதும் நடுவை நோக்கித் திரும்பும். நீரோட்டத்தோடு செல்லும் உடலின் முகமோ சுவரை நோக்கித் திரும்பும்.

கெஸ்லரிடம் திசையைத் தந்தது புவியீர்ப்பு. புவியீர்ப்பை அணைக்கவோ ஏற்றவோ முடியாது. கிரெனோபிளில் சபெல் கார்சியா, சலிமா ரஃபாய், ஃபிலிப் பெய்லா ஆகியோர் 2013இல் அந்த இடத்தில் ஒளியை வைத்தனர். நீர் வரும் திசையில் விளக்கை வைத்தால் கிளாமிடோமோனாஸ் விளக்கை நோக்கி எதிர்நீச்சல் போடுகிறது. ஓட்டத்தின் சுழற்சி அவற்றை நடுவில் குவிக்கிறது. விளக்கை அணைத்தால் திசைகள் சிதறி, கோடு கலைகிறது. மீண்டும் ஏற்றினால் மீண்டும் கூடுகிறது. இச்சோதனையின் சிறப்பு, ஒளி இங்கே பாசியைக் குவிக்கவே இல்லை என்பது. ஒளி வாய்க்காலின் நீளவாக்கில் வருகிறது. குவிதல் அதன் குறுக்குவாக்கில் நிகழ்கிறது. ஒளி முகத்தைத் திருப்ப, ஓட்டம் பக்கத்தைத் தீர்மானிக்க, கசையிழை வேலையைச் செய்கிறது. உயிரி எரிபொருளுக்காகப் பாசி வளர்ப்போருக்கு நீரிலிருந்து பாசியைப் பிரித்தெடுக்கும் செலவு பெரும் தடை. அதற்கு இது உதவலாம் என்று ஆசிரியர்கள் குறிப்பிட்டனர்.

இதே கிரெனோபிள் குழுவின் முந்தைய ஆய்வு ஒன்றுக்குப் பெங்களூருடன் நேரான தொடர்பு உண்டு. நீந்தும் உயிரிகள் நிறைந்த நீர்மத்தின் பாகுநிலை எப்படி இருக்கும் என்பதை யசோதன் ஹத்வால்னே, ஸ்ரீராம் ராமசாமி, மதன் ராவ், அதிதி சிம்ஹா ஆகியோர் 2004இல் கோட்பாடாக வகுத்தனர். உடலின் பின்னாலிருந்து தள்ளி நீந்தும் பாக்டீரியா போன்றவை நீர்மத்தை இளக்கும். முன்னாலிருந்து இழுத்து நீந்தும் கிளாமிடோமோனாஸ் போன்றவை அதை இறுக்கும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். 2010இல் ரஃபாயும் பெய்லாவும் லெவான் ஜிபுட்டியும் உயிருள்ள பாசிக் கரைசலையும் செத்த பாசிக் கரைசலையும் அளந்து ஒப்பிட்டனர். உயிருள்ளதே அதிகம் பாகுத்தன்மை கொண்டிருந்தது. ஒளியால் இவ்வுயிர்களின் திசையை மாற்றுவோர், தெரிந்தோ தெரியாமலோ, அவை நீந்தும் நீர்மத்தின் பண்பையும் தொடுகிறார்கள்.

எங்கெல்மனின் பாக்டீரியா வழியும் மறக்கப்படவில்லை. கடல் பாக்டீரியாக்களிடம் புரோட்டியோரோடாப்சின் என்னும் ஒளி இயக்கும் புரோட்டான் ஏற்றி 2000இல் கண்டறியப்பட்டது. 2007இல் அதை எ.கோலை பாக்டீரியாவில் புகுத்தி, மூச்சு தடைப்பட்ட நிலையிலும் ஒளியால் அதன் கசையிழையைச் சுழலச் செய்தனர். இப்போது ஒளி தார்க்கோல் அன்று, தீவனம். ஒளி மிகுந்த இடத்தில் விரைவு, குறைந்த இடத்தில் மந்தம். மந்தமான இடத்தில் கூட்டம் சேரும், சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும் இடத்தில் சேர்வதுபோல. 2018இல் ரோமில் ராபர்ட்டோ டி லியனார்டோவின் குழு, மோனாலிசாவின் எதிர்ப்படத்தைப் பாக்டீரியாக்களின்மேல் வீழ்த்தி, அவற்றின் அடர்த்தியாலேயே ஓவியத்தை உருவாக்கிக் காட்டியது. உலக ஊடகங்கள் ஓவியத்தைப் பேசின. உண்மையான வேலை அடுத்த படியில் இருந்தது: பாக்டீரியாக்கள் ஒளி மாற்றத்துக்கு உடனே இணங்காமல் தாமதிக்கின்றன, எனவே கிடைத்த படத்தையும் வேண்டிய படத்தையும் ஒப்பிட்டு ஒளியைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எடின்பரோவில் வில்சன் பூனின் குழுவும் அதே ஆண்டில் இதே வழியில் வெற்றி கண்டது.

திருத்திக்கொண்டே இருத்தல் என்பது ஜப்பானின் ரிக்கேன் ஆய்வகத்தில் ஒசாசாவும் உடனுழைத்தோரும் 2011இல் யூக்ளினாவை மூடிய நுண்வாய்க்காலில் அடைத்து ஓட்டியபோதே தொடங்கியது. ஒளிப்படக்கருவி உயிரிகளின் இருப்பிடத்தைப் பார்க்கும். கணினி அதற்கேற்ப நீல ஒளியை வீழ்த்தும். கடும் ஒளியை வெறுக்கும் யூக்ளினா விலகும். கணினி மீண்டும் பார்க்கும். ஓட்டுபவரும் ஓடுவதும் ஒன்றையொன்று கவனித்தபடி நகரும் ஏற்பாடு. அது தேவைப்பட்டதற்குக் காரணம் பிற்பாடு இன்னும் தெளிவாயிற்று. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் இங்மார் ரீடல்-குரூஸின் குழு, ஒளி திடீரென உயரும்போது யூக்ளினா முக்கோணம், நாற்கரம் என்று பலகோணப் பாதைகளில் திரிவதைக் காட்டியது. இரண்டே நிலைகளுக்கிடையே மாறும் கசையிழை அடிப்பால் இது விளங்கும் என்பது அவர்கள் முடிவு. ஜென்னிங்ஸ் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஃபாமின்ட்சின் 1867இல் கண்ட முரண்டு மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரே பாசி, ஒரே விளக்கு. இன்று நெருங்கும், நாளை விலகும். தோக்கியோவில் வக்கபயாஷியும் உடனுழைத்தோரும் 2011இல் இதன் ஒரு விசையைக் கண்டனர்: செல்லினுள் வினைமிகு ஆக்சிஜன் கூறுகள் மிகுந்தால் பாசி ஒளியை நாடும், அவற்றை நீக்கும் பொருள்களைச் சேர்த்தால் விலகும். 2016இல் வந்த இன்னொரு முடிவு இன்னும் விந்தையானது. கண்புள்ளியின் நிறமி இழந்த திரிபுகள் நேர் எதிர்த்திசையில் நீந்தின. ஒளியை மறைக்கும் திரை இல்லாததால், செல்லின் உருண்டை உடலே குவிவில்லையாகி, பின்னாலிருந்து வரும் ஒளியை உணர்சவ்வின்மேல் குவித்துவிடுகிறது. பாசி பின்பக்க ஒளியை முன்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. திரையாகச் செயல்படும் அந்தச் சிவந்த புள்ளி இல்லாவிட்டால் ஓட்டுபவர் வலப்பக்கம் விளக்கைக் காட்டும்போது எருது இடப்பக்கம் போகும். இக்காரணங்களால் இன்று நுண்வாய்க்கால் சோதனை செய்யும் ஆய்வகங்களில் விளக்கை ஏற்றுமுன் வளர்ப்புக் குடுவையைச் சோதிக்க வேண்டியிருக்கிறது: எந்தத் திரிபு, எத்தனை நாள் வளர்ந்தது, எந்த ஒளியில் வைக்கப்பட்டது, இன்று அது ஒளியின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.